சான்றுப் பொருள்

தென்னகோன் ஐயா மேசையில் வைக்கும்போதே
தெரிந்துவிட்டது.
பொலித்தீன் பைக்குள் சுருண்டு கிடந்தது
ஒன்றேகால் மீற்றர் கம்பி.
ஒரு முனையில் ஈயக் குமிழ்.
அந்தக் குமிழை உருக்கி வைத்தவன் நான்.

"எந்த பைக் கேபிள் என்று
சொல்ல முடியுமா மாஸ்டர்?"
உடைந்த தமிழில், மரியாதையாகத்தான் கேட்டார்.
மஸ்கெலியாவில் பைக் திருத்துகிறவர்கள் மூன்று பேர்.
மற்ற இருவரிடமும் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

முந்தநாள் ஏழாம் நம்பர் மலையில்
கொழுந்தெடுக்கப் போனவர்கள் கண்டார்கள்.
தேயிலை நிரைக்கும் கானுக்கும் நடுவே
சிறுத்தை படுத்திருந்தது.
தூங்குகிறது என்றுதான் நினைத்தார்களாம்.
பிறகு தலையைத் தூக்கியது.
இடுப்பில் கம்பி.
கூடையைப் போட்டுவிட்டு ஓடியவர்களுக்கு
அன்றைக்கு அரைப் பேர்.

மயக்க ஊசியோடு மருத்துவர் வரும்வரை
கம்பி விட்ட தூரத்துக்கு
அது ஒரு வட்டம் கீறிக்கொண்டிருந்தது.
நாலு தேயிலைச் செடி வேரோடு வந்துவிட்டது.
பகல் இரண்டு மணிக்கு மருத்துவர் வந்தார்.
வட்டம் ஒரு மணிக்கே நின்றுவிட்டது.

சுருக்கு அதற்கு வைத்ததல்ல.
பன்றிக்கு வைத்தது.
கடனுக்கு வாங்கிய விதைக்கிழங்கை
சந்தனம் நட்டு முடித்த கிழமையே
ஒரே இரவில் உழுதுவிட்டுப் போன பன்றிக்கு.
துவக்குக்கு லைசென்ஸ் கேட்டால்
காணி உறுதி கேட்பார்கள்.
லயத்துக் காம்பராவுக்கு ஏது உறுதி?

பிரட்டுக் களத்துச் சுவரில்
அறிவித்தல் ஒட்டியிருக்கிறது.
சிங்களத்தில் பதினாறு வரி. தமிழில் மூன்று.
"வேட்டியாடுதல் முற்றாகத் தடை."
சாரத்தோடு நின்று பொடியன்கள் சிரித்தார்கள்,
நாங்கள் வேட்டி கட்டுவதே தீபாவளிக்கு என்று.
சிரித்தாலும் விளங்கியது.
விளங்கவில்லை என்று யாரும்
நீதவான் முன்னால் சொல்ல முடியாது.

பங்களாவில் ஜெனரேட்டர் திருத்தப் போனபோது
படிக்கட்டுச் சுவரில் ஒரு தலை பார்த்தேன்.
கண்ணாடிக் கண்.
கீழே பித்தளைத் தகட்டில்
ஆண்டு, நீளம், சுட்ட துரையின் பெயர்.
தூக்கிக்கொண்டு மலை இறங்கியவர்கள் பெயர் இல்லை.
அதற்கு லைசென்ஸ் இருந்திருக்கும்.

மார்கழியில்,
சிவனொளிபாத மலைக்குச் சனம் ஏறத் தொடங்கிய வாரம்,
ஒரு பச்சை பைக் வந்தது.
டாங்கியில் திணைக்களத்தின் இலச்சினை.
புதுக் கேபிளுக்கு மேலிடத்து அனுமதி வேண்டும்,
அதுவரை ஓடினால் போதும் என்றார் ஐயா.
ஈயம் உருக்கி ஓட வைத்தேன்.
தையில் அனுமதி வந்தது.
பழையது பெட்டிக்குள் விழுந்தது.

பெட்டியிலிருந்து சந்தனம் எடுத்தான்.
"துணி காயப்போடக் கொடி கட்ட" என்றான்.
ஒன்றேகால் மீற்றரில்
எத்தனை துணி காயும் என்று நான் கேட்கவில்லை.
மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
சொப்பிங் பேக்கில் இரண்டு கிலோ இறைச்சி வந்தது.
மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தோம்.
நன்றாக இருந்தது.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"சொல்லுங்க மாஸ்டர்."
வாசலில் அந்தப் பச்சை பைக்
மழையில் நனைந்துகொண்டிருந்தது.
பையைத் திறந்து கம்பியை எடுத்தேன்.
குமிழை ஒட்டிய இழைகளுக்குள்
மஞ்சளாய் நாலைந்து மயிர்.

"பஜாஜ்" என்றேன்.
"பஜாஜ் எல்லாரிடமும் இருக்கே."
"ஆமாங்க ஐயா."
எழுதிக்கொண்டார்.
போகும்போது, கிளட்ச் கொஞ்சம் இறுக்கம் என்றார்.
தளர்த்திக் கொடுத்தேன்.
காசு நீட்டினார். வாங்கவில்லை.

கடையை மூடிவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்தேன்.
இருபத்தேழு கேபிள்.
எதையும் சுற்றி வளைக்க முடியாதபடி
விரல் நீளத்துக்கு நறுக்கத் தொடங்கினேன்.
பதினொன்றாவதில் குறடு மழுங்கிவிட்டது.
மீதி பதினாறு
பெட்டியில் அப்படியே இருக்கிறது.